டிராலி போய்ச் சேரும் வரை

எனக்குத் தொண்ணூறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறும் உயிரோடு இருக்கிறது, ஆறும் தன் சோற்றைத் தானே சம்பாதித்துச் சாப்பிடுகிறது. இதை முதலில் எழுது என்று பேத்தியிடம் சொன்னேன். "எதுக்குப் பாட்டி? ஸ்டேசன் கதைதானே சொல்லப் போறீங்க?" என்றாள். இதுவும் ஸ்டேசன் கதைதான். எழுது என்றேன்.

நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவது வரை போனவள். என் பெயரை எழுதுவேன். பலகையில் இருக்கும் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அதற்கு மேல் வராது. அதனால் நான் சொல்லச் சொல்ல இவள் எழுதுகிறாள், என் பேச்சைக் கொஞ்சம் சீர்படுத்தித்தான் எழுதுகிறாள். ஞாயிற்றுக்கிழமைதான் இவளுக்கு நேரம். மற்ற நாளெல்லாம் விடியும் முன்பே குளித்துவிட்டு, மின்சார வண்டி பிடித்துக் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்விடுவாள்.

போன மாதம் ஒருநாள் என்னையும் ஸ்டேசனுக்குக் கூட்டிப் போனாள். பழைய ஸ்டேசனை இடித்துவிட்டுக் கண்ணாடியும் இரும்புமாகக் கட்டியிருக்கிறார்கள். அட்டையை ஒரு பெட்டி மேல் வைக்கிறாள், சின்னக் கதவு திறக்கிறது, உள்ளே போகிறாள். அவளுக்குப் பின்னால் இருபது பேர், முப்பது பேர். யாரும் யாரையும் தொடவில்லை. நான் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். "என்ன பாட்டி, பயமா இருக்கா?" என்றாள். பயம் இல்லை. அதே இடத்தில் நான் நின்று வேலை பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான்.

நான் பிறந்தது புக்கிட் பெலிம்பிங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். கோலா சிலாங்கூரிலிருந்து காற்று அடித்தால் எங்கள் லயத்து வரிசை வீட்டில் சேற்று வாடை வரும். அங்கே ரயில் கிடையாது. கல்யாணம் ஆகிப் பதினேழு வயதில் பஸ் மாறி மாறி இங்கே வந்தபோதுதான் தண்டவாளத்தைக் கண்ணால் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளம் இரண்டாகப் பிரிகிற இடத்தில் இரும்புக் கைப்பிடி ஒன்று இருக்கும். அதை இந்தப் பக்கம் தள்ளினால் வண்டி ஒரு பாதையில் போகும், அந்தப் பக்கம் தள்ளினால் இன்னொரு பாதையில். அதைத் தள்ளுகிறவர். நல்ல மனிதர். பேச்சு மட்டும் குறைவு. தள்ளுகிறது, துடைக்கிறது, சாப்பிடுகிறது, தூங்குகிறது.

ஸ்டேசனுக்குப் பின்னால் நான்கு கதவு வைத்த வரிசை வீடு. ஒன்றில் நாங்கள். ஒன்றில் மலாய்க் குடும்பம், ஒன்றில் பஞ்சாபி வாட்ச்மேன், கடைசி வீடு காலி. தமிழ் பேச ஒரு பெண் இல்லை. எட்டிப் பேசலாம் என்றால் தோட்டத்து லயங்கள் பாதை தாண்டி அரை மைல். மூன்று வருடம் ஆகியும் எனக்கு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. கோயிலுக்குப் போனால் அதைத்தான் கேட்பார்கள். அதனால் கோயிலுக்கும் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். காட்டுக்குள்ளே கம்யூனிஸ்டுகள், ரோட்டிலே பட்டாளம். தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கம்பிக்கு வெளியே தலை தெரிந்தால் சுடலாம் என்று உத்தரவு. இருட்டில் தண்டவாளத்தைக் கழற்றி வைப்பதும் வண்டி கவிழ்வதுமாக இருந்ததால், இருட்டிய பிறகு எங்கள் பாதையில் வண்டியே ஓடக் கூடாது என்று ஆகிவிட்டது. கோலாலம்பூரில் புறப்படும் சாயங்கால வண்டி பொழுதுக்குள் எங்கள் ஊர் வரைக்கும்தான் வர முடியும். அதற்கு மேலே போனால் இருட்டிவிடும். அப்படித்தான் எங்கள் சின்ன ஸ்டேசன் கடைசி ஸ்டேசன் ஆனது. பெரிய கட்டடம் வந்து ஆகவில்லை, யாரும் மாலை போட்டுத் திறந்து வைத்தும் ஆகவில்லை. வண்டி வந்து நின்றது, விடியும்வரை நகரவில்லை. அவ்வளவுதான்.

வண்டி படுக்கிற இடத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். காலையில் என்ஜினைக் கழற்றி, பக்கத்துப் பாதையில் சுற்றிக் கொண்டுவந்து மறு தலையில் மாட்டுவார்கள். தண்ணீர் பிடிப்பார்கள். எல்லாம் முடிந்ததும் முதலில் வண்டி புறப்படாது. டிராலி புறப்படும். இரும்புத் தகடு அடித்த சின்ன மோட்டார் டிராலி. அதில் துப்பாக்கியோடு நான்கு பேர், கூடவே ரயில்வே ஆள் ஒருவர். பெரும்பாலும் அந்த ஒருவர் என் வீட்டுக்காரர். தண்டவாளத்தை யாரும் கழற்றியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே அடுத்த ஸ்டேசன் வரை போகும். கண்ணி இருந்தால் முதலில் மாட்டுவது அதுதான். டிராலி போய்ச் சேர்ந்துவிட்டது என்று அங்கிருந்து டெலிபோன் வந்த பிறகுதான், ஸ்டேசன் மாஸ்டர் பெரிய வளையம் ஒன்றை டிரைவர் கையில் கொடுப்பார். அந்த வளையம் கையில் இருந்தால்தான் வண்டியை எடுக்கலாம். டிராலி போய்ச் சேர இருபது நிமிடம் ஆகும். வண்டியும் சனங்களும் இருபது நிமிடம் சும்மா நிற்பார்கள். நான் அந்த இருபது நிமிடமும் கதவோரம் நின்று டெலிபோன் மணிக்குக் காது கொடுத்திருப்பேன். மணி அடித்தால் அவர் உயிரோடு இருக்கிறார்.

பிறகு அரிசிக் கட்டுப்பாடு வந்தது. காட்டுக்காரர்களுக்குச் சோறு போகக் கூடாது என்று, அரிசியை எண்ணி அளந்து கொடுத்தார்கள். கடையில் டின் வாங்கினால் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பான். கம்பிக்கு வெளியே ஒரு மணி அரிசி கொண்டு போகக் கூடாது. ரயிலில் ஏறுகிறவர்களையும் சோதிக்க வேண்டும். ஆண்களைப் போலீஸ்காரர் சோதிப்பார். பெண்களை?

ஸ்டேசன் மாஸ்டர் யாழ்ப்பாணத்து ஐயா. வீட்டுக்கு வந்து கேட்டார். "பிள்ளை, நீ நேர்மையான ஆள் எண்டு எனக்குத் தெரியும். பொம்பிளையளைப் பாக்கிறதுக்கு ஒரு பொம்பிளை வேணுமாம். செய்வியோ?" நேர்மையான ஆள் என்று என்னை அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. செய்கிறேன் என்றேன்.

கையில் கட்டிக்கொள்ள ஒரு சிவப்புத் துணிப் பட்டை கொடுத்தார்கள். வெள்ளை எழுத்தில் இங்கிலீசில் என்னவோ எழுதியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அதை வாரம் இருமுறை துவைத்து, கஞ்சி போட்டு, சட்டிக்குள் தணல் போட்டுத் தேய்த்துக் கட்டுவேன். வீட்டில் இருக்கும்போதும் கட்டியிருப்பேன். பெருமைதான். இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன்.

பார்சல் அறையின் மூலையில் சாக்குப் படுதா தொங்கவிட்டு, ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார்கள். பெண்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே வருவார்கள். கொண்டையை அவிழ்த்துப் பார்க்க வேண்டும், ரவிக்கைக்குள் பார்க்க வேண்டும், மடியை, இடுப்பை, குழந்தை கட்டிய துணியைப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் வேதக்கார அம்மாக்களின் ஜெபமாலைப் பையைக்கூட விரலால் நெருடிப் பார்ப்பேன். யார் மாசமாக இருக்கிறாள் என்று அவள் புருசனுக்கு முன்னால் எனக்குத் தெரியும். யார் முதுகில் தழும்பு இருக்கிறது என்று தெரியும். உள்பாவாடையில் எத்தனை ஒட்டு என்று தெரியும். தெரிந்ததை ஒருநாளும் வெளியே சொன்னதில்லை. ஆனால் எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியும். அது போதுமே.

தண்ணீர்க் குழாயில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் ஒருத்தி, நான் கேட்கட்டும் என்றே, "தள்ளி நில்லுங்கடி, குடத்துக்குள்ள கைய விட்டுத் தேடப் போறா" என்றாள். சிரித்தார்கள். நான் குடத்தை நிரப்பிக்கொண்டு நிமிர்ந்துதான் நடந்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தின பிறகு என்ன செய்தேன் என்பது வேண்டாம்.

அதற்கப்புறம் பக்கத்துத் தோட்டத்துக்காரி ஒருத்தி. குழந்தைத் தூளிக்குள் பால்டின் ஒன்றில் அரிசி வைத்திருந்தாள். யாருக்கோ, எதற்கோ. நான்தான் எடுத்தேன், போலீஸ்காரரிடம் பிடித்துக் கொடுத்தேன். லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். குழந்தையும் கூடவே போனது. அதற்குப் பிறகு குழாயில் சிரிப்புகூட இல்லை.

ஒரே ஒருத்தி பேசுவாள். வெற்றிலைக்கார அக்கா. என்னை விடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவள், தடித்த உடம்பு, மூக்கில் இரண்டு பக்கமும் குத்தியிருப்பாள். பாதைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தாள். வாரம் மூன்று நாள் காலை வண்டியில் கூடையோடு ஏறி, கீழே இருக்கும் தோட்டங்களுக்கு வெற்றிலை விற்கப் போவாள். படுதாவுக்குள் வரும்போதே வாய் திறந்துவிடும்.

"நல்லாத் தேடு லா. எங்க வீட்டுக்காரன் தொலைச்ச மானம் மரியாதயெல்லாம் அங்கதான் எங்கயாச்சும் கெடக்கும்."

"சும்மா நில்லுங்கக்கா."

"கை என்னாடி ஐஸ் கட்டி மாதிரி இருக்கு? பிரசவம் பாக்குற நர்சுகூட கையைச் சூடு பண்ணிட்டுத்தான் தொடுவா."

நான் சிரிப்பை அடக்கிக்கொள்வேன். வேலை நேரம். போகும்போது முக்காலி மேல் இரண்டு வெற்றிலையும் பாக்கும் வைத்துவிட்டுப் போவாள். வேலை நேரத்தில் வாங்க மாட்டேன் என்று சொன்னால், "பின்ன எந்த நேரத்துல ஒன்னப் பாக்குறது? கோயிலுக்கு வந்தாலும் தூணுக்குப் பின்னாடி நிக்கிற" என்பாள். வண்டி போன பிறகு எடுத்துப் போட்டுக்கொள்வேன். வாரத்தில் மூன்று நாள் என் வாய் சிவந்திருக்கும். மற்ற நாலு நாள் அந்தக் கூடை வரும் கிழமையை எண்ணிக்கொண்டிருப்பேன்.

ஒரு காலை. முதல்நாள்தான் புதிதாக ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்திருந்தார். பிளாட்பாரத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். படுதாவை விலக்கிக்கொண்டு அக்கா வந்தாள். கூடை இல்லை. தலையைச் சீவவில்லை.

"அம்மா போயிட்டாடி" என்றாள்.

அவள் அம்மா இருந்தது அடுத்த ஸ்டேசனில் இறங்கிப் போகிற தோட்டம். ஆறு மணிக்குள் எல்லாரும் கம்பிக்குள் இருக்க வேண்டும் என்பதால், மூன்று மணிக்குள் அடக்கத்தை முடித்துவிடச் சொல்லித் தோட்டத்து மேனேஜர் துரை உத்தரவு போட்டிருந்தாராம்.

என் கை தன் வேலையைப் பார்த்தது. கொண்டை, தோள், மடி. இடுப்பின் இடது பக்கம், கொசுவத்துக்கு உள்ளே, ஒரு சின்ன முடிச்சு. தொட்டதுமே தெரிந்துவிட்டது. பச்சரிசி. ஒரு கைப்பிடி.

"அது வாய்க்கரிசிடி" என்றாள், குரலைத் தாழ்த்தி. "விட்டுடு."

"கொண்டு போகக் கூடாதுக்கா."

"திங்கிறதுக்கா கொண்டு போறேன்? செத்தவளுக்குடி."

"அங்கயே தோட்டத்துல கேட்டு வாங்கிக்கலாமேக்கா…"

அப்படிப் பார்த்தாள் என்னை. "கட்டிக் குடுத்த மக வெறுங்கையோட வந்து, அண்ட வீட்டு அரிசிய வாங்கி ஆத்தா வாயில போட்டான்னு நாலு பேரு சொல்லணும். அதானே?"

எங்கள் சனத்தில் அதுதான் வழக்கம். கல்யாணமாகிப் போன மகள் தன் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து அம்மாவின் வாயில் போட வேண்டும். நீ பெற்றது வீணாகவில்லை, உன் மகள் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று கடைசியாகச் சொல்வது அது. அது எனக்குத் தெரியாதா?

"புடிச்சுக் குடுத்தா லோரிதான்னு எனக்கும் தெரியும்" என்றாள். "வெளிய புது வெள்ளக்காரன் மறுபடி தேடச் சொன்னா நான் மாட்டிக்குவேன், நீ எடுத்து ஒன் மடியில வச்சிக்க. ஒன்ன எவ சோதிக்கிறா? வண்டி நிக்கும்ல, பிளாட்பாரத்துக்கு வந்து குடுத்துடு. அஞ்சு நிமிசம்."

"என் கைய மீறி இதுவரைக்கும் ஒரு மணி போனதில்லக்கா."

"போகட்டும்டி, ஒரு தடவ."

வெளியே போலீஸ்காரர், "லெக்காஸ், லெக்காஸ்" என்று பலகையைத் தட்டி அவசரப்படுத்தினார். முடிச்சு என் கையில் இருந்தது. அதை என் இடுப்பில் செருகிக்கொண்டேன். படுதாவை விலக்கி, "தா அடா" என்று மலாயில் சொன்னேன், ஒன்றுமில்லை என்று. அந்த வேலையில் நான் சொன்ன முதல் பொய் அது. அக்கா வெளியே போனாள். போகும்போது என் கையை ஒருமுறை பிடித்துவிட்டுப் போனாள். நான் கொண்டுவந்து கொடுப்பேன் என்று நம்பித்தான் போனாள்.

டிராலி அப்போதுதான் புறப்பட்டிருந்தது. இன்னும் மூன்று பெண்கள் இருந்தார்கள். பார்த்து முடித்தேன். பார்சல் அறை வாசலில் வந்து நின்றேன். எதிரே, மூன்றாவது பெட்டிப் பக்கம், அக்கா நின்றுகொண்டிருந்தாள். நடுவில் மேசை. அதிகாரி குனிந்து கோப்பி குடித்துக்கொண்டு என்னவோ எழுதிக்கொண்டிருந்தார். நான் இருந்த இடத்துக்கும் அவள் இருந்த இடத்துக்கும் பதினைந்து எட்டு இருக்கும். நான் நடந்திருந்தால் அவர் தலை நிமிர்ந்திருக்க மாட்டார். நிமிர்ந்தாலும் என் கைப்பட்டையைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்திருப்பார்.

நான் நடக்கவில்லை.

பயம் என்று சொன்னால் நீங்கள் ஏற்றுக்கொள்வீர்கள். பயமும் இருந்தது. ஆனால் அதுவல்ல முழுசும். பால்டின்காரியைக் குழந்தையோடு லோரியில் ஏற்றிவிட்டு, இவளை மட்டும் எப்படி விடுவது? அப்படி விட்டால் அந்தப் பெண்ணை நான் எதற்கு ஏற்றினேன்? வெற்றிலைக்காகவா இவளை விடுகிறேன்? இப்படி எனக்குள் ஒருத்தி பேசிக்கொண்டே இருந்தாள். நேர்மையான ஆள். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு தண்டவாளத்தைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். ஒருமுறை தலையை லேசாக ஆட்டினாள், வா என்று. அன்றைக்கு இருபது நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிந்தது.

டெலிபோன் மணி அடித்தது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த மணி கேட்டு எனக்குச் சந்தோசம் வரவில்லை. மாஸ்டர் வளையத்தைக் கொடுத்தார். வண்டி ஊதியது. அக்கா ஏறிவிட்டாள். சன்னலில் அவள் முகம் தெரிந்தது, போனது.

பெண்கள் எல்லாரும் போன பிறகு முக்காலியில் உட்கார்ந்தேன். வெற்றிலை இல்லை. இடுப்பில் அந்த முடிச்சு இருந்தது. ஒரு கைப்பிடி அரிசி உடம்பில் அவ்வளவு உறுத்தும் என்று நான் நினைத்ததில்லை. நெடுநேரம் கழித்து ஸ்டேசன் மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"வெத்தலைக்கார அக்காவோட அம்மா செத்துட்டாங்கய்யா."

கடிகாரத்தைப் பார்த்தார். "மத்தியான வண்டிக்குச் சனம் குறைவுதான். செத்தவீட்டுக்குப் போறதெண்டால் போயிட்டு வா. பின்னேர வண்டிக்கு வந்திட வேணும்" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன்.

மத்தியான வண்டியில் போய் அடுத்த ஸ்டேசனில் இறங்கினேன். வெயிலில் ஒரு மைலுக்கு மேல் ரப்பர் மரத்துக்கு நடுவே நடை. வேகமாக நடந்தேன். மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, கையில் வைத்து, "மன்னிச்சுக்கக்கா, பிளாட்பாரத்துல முடியல" என்று சொல்ல வேண்டும். அவள் திட்டுவாள். திட்டட்டும். திட்டிவிட்டு அரிசியை வாங்கிக்கொள்வாள்.

தோட்டத்து வாசலில் கம்பிக் கதவு. துப்பாக்கியோடு காவல் ஆள் நின்றான். என் கைப்பட்டையைப் பார்த்ததும் சலாம் வைத்துத் திறந்துவிட்டான். என்னைச் சோதிக்கவில்லை. அந்தப் பட்டை மட்டும் இல்லாவிட்டால் அரிசி அங்கேயே போயிருக்கும். அதனால் கழற்றாமல் வந்தது நல்லது என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே போன பிறகாவது கழற்றி மடியில் வைத்திருக்கலாம். தோன்றவில்லை. அது என் கையோடு ஒட்டிப் போயிருந்தது.

தூரத்தில் தப்புச் சத்தம் கேட்டது. பிணம் இன்னும் எடுக்கவில்லை, நேரம் இருக்கிறது என்று நிம்மதியாக மூச்சு விட்டேன். லயத்து முனையில் ஒருத்தி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். துணியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"சோதனை வருது! சோதனக்காரி வர்றா!"

அவள் யாரைச் சொல்கிறாள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்றுதான் திரும்பினேன். பாதை காலியாக இருந்தது.

தப்புச் சத்தம் பாதியில் நின்றது. கதவுகள் சாத்துகிற சத்தம். யாரோ, வேலை வாங்கும் மண்டோராகத்தான் இருக்க வேண்டும், "தூக்குங்கடா, தூக்குங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்று கத்தினார். நான் ஓடினேன். நான் ஓட ஓட அங்கே அவசரம் கூடியது. அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஈரம் மட்டும் இருந்தது. பாடையைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் மரங்களுக்கு நடுவே ஏறக்குறைய ஓட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் சுவரோடு சுவராக நின்றார்கள். வாசலை ஒட்டிய சாக்கடையைப் பார்த்தேன். வெள்ளையாக அரிசி. வேறு வேறு தோட்டப் பிரிவுகளிலிருந்து வந்த சொந்தக்காரர்கள், அக்காவைப் போலவே மடியிலும் தலைப்பிலும் மறைத்துக் கொண்டுவந்த வாய்க்கரிசி எல்லாம் அங்கே கிடந்தது. சோதனை வருகிறது என்றதும் கொட்டிவிட்டார்கள். இரண்டு கோழிகள் இறங்கிக் கொத்திக்கொண்டிருந்தன.

அக்கா படியில் உட்கார்ந்திருந்தாள்.

"எத்தன பேருடி வர்றாங்க?" என்றாள்.

"யாரும் வரலக்கா. நான் மட்டும்தான்."

"நீ மட்டுமா?"

முடிச்சை எடுத்து அவிழ்த்தேன். "இதக் குடுக்கத்தான் வந்தேன்."

அவள் அரிசியைப் பார்த்தாள். என் கைப்பட்டையைப் பார்த்தாள். சாக்கடையைப் பார்த்தாள். சுவரோரம் நின்ற ஒரு கிழவி, "அடிப் பாவி, இதுக்கா நாங்க கொட்டினோம்?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா அழவில்லை.

"எங்கம்மா ஒன்பது பெத்தா" என்றாள். "வாயில ஒரு பருக்க விழாம போறா, பாரு."

"ஓடிப் போய்க் குடுக்கலாம்க்கா, இன்னும் தூரம் போயிருக்க மாட்டாங்க."

"பொம்பள சுடுகாட்டுக்குப் போறதா? நீ என்னாடி, எல்லாச் சட்டத்தையும் ஒரே நாள்ல ஒடைக்கிற." பழைய கேலிக் குரல் மாதிரியே ஒரு நொடி இருந்தது. நான் கையை நீட்டினேன், வாங்கிக்கொள்வாள் என்று. அவள் என் விரல்களை மடக்கி, அரிசியை என் கைக்குள்ளேயே மூடினாள்.

"நீயே வச்சிக்க. ஒனக்குப் போட யாரு இருக்கா?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மறக்கவில்லை.

சாயங்கால வண்டியில் திரும்பி வந்தேன். பெட்டியில் என் பலகையில் யாரும் உட்காரவில்லை. கடைசி ஸ்டேசன். எல்லாரும் இறங்கின பிறகு நான் இறங்கினேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். முழுசும் கேட்டார். "அரிசிய என்னா பண்ணப் போற?" என்று மட்டும் கேட்டார். செத்தவர்களுக்கு என்று முடிந்ததை உலையில் போட முடியாது. கைப்பற்றிய அரிசி டின்னில் கொட்டினால் காவல் ஆட்கள் சமைத்துச் சாப்பிடுவார்கள். கோழிக்குப் போட மனம் வரவில்லை, பார்த்துவிட்டேனே. ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மேல் பலகையில் வைத்தேன்.

அக்கா பதினாறாம் நாள் காரியம் கழித்து மறுபடி வண்டிக்கு வந்தாள். கூடையை வெளியே வைத்துவிட்டுப் படுதாவுக்குள் வந்தாள். நான் சொல்வதற்கு முன்பே இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றாள். நான் தொட்டேன். முடிந்தது. போய்விட்டாள். அடுத்த முறையும் அப்படித்தான். அதற்கு அடுத்த முறையும். என் கையைத் தணலில் காட்டிச் சூடு பண்ணிக்கொண்டுகூட நின்று பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. முக்காலி மேல் வெற்றிலை வைக்கவில்லை. ஊர்ப் பெண்களை எல்லாம் தினமும் தொடுகிறேன், என்னிடம் பேச ஒரு ஆள் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு தண்டவாளத்தோடு பேசியிருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

மறு வருடம் என் வயிற்றில் மூத்தவன் தங்கினான். ஐந்து மாதம் இருக்கும்போது ஒருநாள், அக்கா கையைத் தூக்கி நிற்கிறாள், நான் குனிந்து நிமிர்கிறேன், அவள் கண் என் வயிற்றில் வந்து நின்றது. வாய் திறந்தது. என்னவோ சொல்லப் போனாள். வெளியே பலகையைத் தட்டி, "லெக்காஸ்" என்றார்கள். அவள் வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு என்ன சொல்ல வந்தாள் என்று இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நல்ல வார்த்தைதான் என்று சில நாள் தோன்றும்.

பிறகு கட்டுப்பாடு தளர்ந்தது. படுதாவை அவிழ்த்தார்கள். கைப்பட்டையைத் துவைத்துத் தேய்த்துத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிய ஆள் அதை ஒரு பெட்டிக்குள் விட்டெறிந்தான். டிராலி போவது நின்றது, இருட்டியும் வண்டி ஓடியது. சாயங்கால வண்டி எங்கள் ஊரில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு மேலே போக ஆரம்பித்தது. நாங்கள் கடைசி ஸ்டேசன் இல்லை என்று ஆனது. யாரும் சோதிக்காத அந்த வண்டியில் அக்கா வருவாள் என்று தினமும் பார்த்தேன். வரவில்லை. மகனோடு சபாக் பக்கம் போய்விட்டாள் என்று ஒருவர் சொன்னார். இல்லை, இறந்துவிட்டாள் என்று இன்னொருவர் சொன்னார். எனக்கு யார் வந்து சரியாகச் சொல்லப் போகிறார்கள்?

வேறு ஊருக்கு மாற்றல் வந்தபோது டப்பாவைத் திறந்தேன்; இந்த ஊருக்கே திரும்பி வந்தது ரொம்பப் பிற்பாடு. வண்டு அரித்து மாவாகியிருந்தது. என்ஜின் சுற்றித் திரும்புகிற பக்கத்துப் பாதை முடியும் இடத்தில் போய் நின்று, கீழே கொட்டினேன். எறும்பு வந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மூத்தவன் இடுப்பில், இரண்டாவது வயிற்றில்.

அக்கா, ஆறு பேர் இருக்கிறார்கள். அதைத்தான் முதல் வரியிலேயே எழுதச் சொன்னேன். எனக்குப் போட ஆள் இருக்கிறது. உன் அம்மாவுக்கும் ஒன்பது பேர் இருந்தார்கள். அதையும் நான் மறக்கவில்லை.

இவள் இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள். "பாட்டி, அந்த இருபது நிமிசத்துல ஏன் போய்க் குடுக்கல?" என்கிறாள். சொன்னேனே, எழுதினாயே. "எழுதினேன், ஆனா புரியல" என்கிறாள். எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, கண்ணு. ஒருவேளை இன்னொருத்தர் வாயால் கேட்டால் எனக்கு விளங்குமோ என்னவோ.

அந்த நாற்காலியை இப்படி இழுத்துப் போட்டு உட்கார். முதலிலிருந்து படி. கைப்பட்டை வருகிற இடத்தை விட்டுவிடாதே. டிராலி புறப்பட்டதும் மெதுவாகப் படி, டெலிபோன் மணி அடிக்கிற வரைக்கும் அவசரப்படாதே.